தலைகீழாய் ஒரு செப நேரம்

1934 ஜூலை 1, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். கடல் பக்கம் காற்றே இல்லை. இரண்டாம் பூசை முடிந்து நேரே உடற்பயிற்சிச் சங்கத்துக் கொட்டகை. பதினாலாம் ஜூலை, பிரெஞ்சு தேசிய விழாவுக்கு ஆள் பிரிப்பு. பிரித்தவன் கப்ரியேல். என் மனைவி பிலோமினின் தங்கையைக் கட்டியவன், என் சகலை, இப்போது சங்கத்தின் மொனித்தேர். பயிற்சி சொல்லித் தரும் அந்தப் பதவிக்கு முதலில் அடிபட்டது என் பெயர். ஊர் மறந்துவிட்டது. நான் மறக்கவில்லை.

"அண்ணே, இந்த வருஷம் நீங்க கீழே நாற்காலியைப் பிடிச்சிக்குங்க. மேல கரீம் நிக்கட்டும்."

மேலே என்றால் மேசை, மேசைமேல் இரண்டு நாற்காலி, அவற்றின்மேல் கை ஊன்றித் தலைகீழாக. கவர்னர் பந்தலுக்கு நேர் எதிரே. மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அது என் இடம்.

"என்ன குறை கண்டே?"

"முதுகு அருவா கணக்கா வளையுதுண்ணே."

நாங்கள் கற்ற காலத்தில் வில்லாக வளைவதுதான் அழகு என்றேன். கரீம் தரையைப் பார்த்தான். துணிக்கடைக்காரன், என் மாணவர்களின் அண்ணன் வயசு. கொடிக்கம்பம் மாதிரி நிற்கிறான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

விடவில்லை. பரீட்சை வை என்றேன். அடுத்த ஞாயிறு. சங்கத்துக் கணக்குப்படி ஒரு பரமண்டல செபம். சங்கத்தைத் தொடங்கி வைத்த சாமியார் போட்ட வழக்கம்: கடிகாரம் கிடையாது, ஒருவன் உரக்கச் செபம் சொல்வான், ஆமென் வரும்வரை நிற்க வேண்டும்.

கரீம் (ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசே என்பான்): "கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் முசே. எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும், தாமதமாக.

3, செவ்வாய்

பள்ளியில் பின்னக் கணக்கு. பாதி வகுப்பு தூக்கம். மாலை பின்கட்டில் சுவர் ஓரம் பழகினேன். குதிகால் சுவரைத் தொட்டால் எவ்வளவு நேரமும் நிற்கிறேன். காலைச் சுவரிலிருந்து எடுத்தால் உடம்பு இரண்டு துண்டு: தோளுக்கு ஒரு புத்தி, இடுப்புக்கு ஒரு புத்தி.

முன்னால் சாய்ந்தால் விரலை அழுத்த வேண்டும். பின்னால் சாய்ந்தால் உள்ளங்கை அடியை. இது கைக்குத் தெரியும், மறக்கவில்லை. ஆனால் கை சொல்வது காலுக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் வயிறு. மூட்டை அவிழ்ந்த மாதிரி தொங்குகிறது. அது தொங்கினால் முதுகு வளைகிறது, விலா பிதுங்குகிறது, கால் எங்கோ போகிறது. வில் என்று பெயர் வைத்துக்கொண்டேன். தொப்பை.

பிலோமின் கதவருகே: "வவ்வாலு கணக்கா தொங்கறாரு பாரு. கணக்கு வாத்தியாருன்னா யாராவது நம்புவாங்களா?"

உள்ளேயிருந்து மதலேன்: "சிரிக்க வெக்காதம்மா, வயிறு வலிக்குது."

பிரசவத்துக்கு வந்த மகள். பிள்ளைக்கு இன்னும் முப்பது நாள் ஆகவில்லை. நன்றாக அழுகிறான்.

5, வியாழன்

இடி மட்டும். மழை இல்லை. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், பூண்டு, சவரக் கத்திக்குத் தோல்.

பிலோமின் மதலேனுக்கு வயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பழைய புடவையை நீளவாக்கில் கிழித்த துணி, நீலக் கரை. இறுக்கி இறுக்கிச் சுற்றி ஓரத்தைச் செருகினாள். "கட்டலேன்னா வயிறு தொங்கிப் போயிடும்டி." கட்டி முடித்ததும் மதலேன் எழுந்து நின்றாள். கல்யாணத்துக்கு முந்தி இருந்த இடுப்பு.

பார்த்துக்கொண்டே இருந்தேன். வேண்டாத யோசனை ஒன்று.

7, சனி

எடுத்துவிட்டேன். கொடியில் காய்ந்த மாற்றுத் துணியை. கதவைத் தாழிட்டுக்கொண்டு சுற்றினேன், மேலே பனியன், அதன்மேல் வெள்ளைக் கால்சட்டை. கண்ணாடியில் வேறு ஆள். படித்தவன், பிரெஞ்சில் பரீட்சை தேறியவன், பிள்ளை பெற்றவளின் கட்டுத் துணியோடு கண்ணாடி முன்னால். சுவரில் ஒரு தரம் ஏறிப் பார்த்தேன். முதுகு நேர். மகிழ்ச்சி. எவ்வளவு மகிழ்ச்சி என்று எழுதவே கூசுகிறது.

8, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

கொட்டகை மணல் தரையில்தான் பரீட்சை, சங்கத்தார் எல்லோரும் எதிரே. கரீம் எனக்கு முன்னால், நான் அந்தப் பக்கம் சரிந்தால் பிடிக்க. கப்ரியேல் பின்னால். காலை வீசி மேலே போனதும் என் முதுகு கூட்டத்துக்கு, வயிறு கப்ரியேலுக்கு. அவன் அங்கே நிற்பதே வயிற்றைப் பார்க்கத்தான்.

ஏறினேன். கால் மேலே நின்றது. அவன் செபத்தைத் தொடங்கினான், எப்போதும்போல நிறுத்தி.

அப்போதுதான் தெரிந்தது. துணி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால் வயிறு எதையும் பிடிக்கவில்லை. இறுக்கு என்கிறேன், இறுக்க அங்கே யாருமே இல்லை. மூச்சும் நெஞ்சோடு நின்றுவிட்டது. இடுப்பு ஆடியது. விரலை அழுத்தினேன், நகம் வெளுத்தது. ஆட்டத்தில் செருகிய ஓரம் நழுவி, பனியனின் கழுத்து வழியே வெளியே வந்து, மெல்ல என் தாடையில் தட்டியது. நீலக் கரை.

கப்ரியேலின் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது. சொல்லை விழுங்கி, வரியை விழுங்கி, ஒரே மூச்சில் ஆமென். இறங்கினேன், விழுந்தேன், இரண்டும். முழங்கால் தரையைத் தொடுமுன் அவன் கோட்டு என் மேல் கிடந்தது. "வேர்வை, காத்து பட்டா ஆகாது" என்று எல்லோருக்கும் சொன்னான்.

தேறிவிட்டேனாம். கைதட்டினார்கள்.

கரீம் கையைக் குலுக்கினான். "ஜெயிச்சிட்டீங்க முசே. ஆனா இன்னிக்கி செபம் விழுப்புரம் ரயிலு மாதிரி இல்ல ஓடிச்சி!"

அவனுக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பில் வஞ்சகம் இல்லை. அவன் இடத்தைத்தான் நான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கோட்டை இன்னும் திருப்பித் தரவில்லை.

10, செவ்வாய்

துணியைத் திரும்பக் கொடியில் போட்டிருந்தேன், துவைக்காமல். முட்டாள். மதலேன் எடுத்து முகர்ந்து பார்த்தாள். மணல் உதிர்ந்தது. என்னைப் பார்த்தாள். பிலோமின் அடுப்படியில்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேப்பா," என்றாள் மெதுவாக. துணியை மடித்துக்கொண்டே, "ரொம்ப இறுக்கிட்டீங்களா? எனக்கும் மூச்சு முட்டும்."

பெற்ற மகள். பிள்ளையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். வேறு எங்கே பார்ப்பது.

12, வியாழன்

கோட்டோடு கப்ரியேல் வீட்டுக்குப் போனேன். நாலு நாளாக மனசில் நன்றி உரை தயாரித்து, அடித்து, மறுபடி தயாரித்து. அவனுக்கு நன்றி சொல்வதைவிட விழுந்திருக்கலாம். ஆனாலும் சொல்லத்தான் போனேன்.

"என்னைக் காப்பாத்தினதுக்கு..." என்று தொடங்கினேன்.

"உங்களையா? அந்தப் பொடவை எங்க வூட்டுதுண்ணே. மதலேனுக்குன்னு என் பொஞ்சாதிதான் கிழிச்சிக் குடுத்தா. கரையைப் பார்த்ததும் தெரிஞ்சிடுச்சி. நாலு பேரு முன்னால பொம்பளைங்க சமாச்சாரம் அவுந்து தொங்கினா குடும்பத்துக்கு என்ன பேரு?"

எனக்காகக்கூட இல்லை. தயாரித்த உரையை அப்படியே விழுங்கினேன்.

கரீமே நிற்கட்டும் என்றேன்.

"நிக்கட்டும். நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க." கோட்டை வாங்கிக்கொண்டான். "மணிக்கட்டு சுளுக்கு, அது இதுன்னு போவாதீங்க. அவன் உங்களுக்குத் தைலம் வாங்கிட்டு ஓடி வருவான். அந்த மாதிரி ஆளு."

மணிக்கட்டுச் சுளுக்குத்தான் நினைத்திருந்தேன்.

13, வெள்ளி

தொழுகை முடிந்து கரீம் கடை திறந்திருக்கும் நேரம் பார்த்துப் போனேன். கடையில் கூட்டம் இருக்காது என்று கணக்கு. கணக்கு வாத்தியார் கணக்கு. குருசுக்குப்பத்துப் பெண்கள் ஒரு கும்பல், விழாவுக்குப் புதுத்துணி.

"வாங்க முசே, உக்காருங்க. கொஞ்சம் நவுருங்கம்மா, வாத்தியாரு வந்திருக்காரு."

வெளியே வா என்றேன். "கடையை விட்டா எப்படி, சொல்லுங்க."

சொன்னேன். சுளுக்கு வாய்வரை வந்து திரும்பிப் போயிற்று. செபம் ஏன் ஓடியது என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். நீலக் கரை என்று வந்ததும் அவன் கையிலிருந்த முழக்கோல் நின்றது.

"எது, பிள்ளை பெத்தவங்களுக்கு வயித்துல சுத்துவாங்களே, அதுவா?"

ஆமாம்.

வாயைப் பொத்தினான். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல், கல்லாமேல் குப்புற விழுந்து சிரித்தான். பெண்களுக்குப் பாதி புரிந்து, மீதியை ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லி, எல்லோரும். "ஐய, வாத்தியாருக்கு என்ன பொறந்திச்சாம், ஆணா பொண்ணா?" என்று ஒரு கிழவி.

ஞாயிறு எதற்குப் பயந்தேனோ அது, அப்படியே, வெள்ளிக்கிழமை. காது சுட்டது. போய்விடலாம் என்று கால் திரும்பியது. போகவில்லை. ஏன் என்று தெரியவில்லை. நின்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கரீம்: "கோச்சிக்காதீங்க முசே. அல்லா சத்தியமா, உங்க எடத்தை நான் கேக்கலே."

"தெரியும். உன் இடம் அது."

சிரிப்பு நின்றது. வாங்கிக்கொள்ள அவனுக்கும் கூச்சம். கொஞ்ச நேரம் முழக்கோலைத் துடைத்தான்.

"அப்படின்னா கீழே நாற்காலியை நீங்கதான் பிடிக்கணும். வேற யாரும் பிடிச்சா ஏற மாட்டேன்."

"ஏன்?"

"எங்க ஆடும்னு தெரிஞ்ச ஆளு நீங்கதானே."

கேலியா, மரியாதையா, வழியெல்லாம் யோசித்தேன். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். கிழவி கடைவாசல்வரை வந்து சிரித்தாள்.

14, சனி

விடிகாலைத் தூறல், இப்போது வெயில். பீரங்கி போட்டாயிற்று. பிலோமின் வெள்ளைக் கால்சட்டையைத் தேய்த்து நாற்காலியில் விரித்திருக்கிறாள். ரெட்டியார்பாளையத்திலிருந்து அவள் அண்ணன் குடும்பம் வண்டியோடு வந்து வாசலில் நிற்கிறது, நான் மேலே நிற்பதைப் பார்க்க. பந்தலுக்கு நேராக இடம் பிடிக்கணுமாம். மச்சான் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருக்கிறார்.

மேலே கரீம்தான் என்று பிலோமினிடம் இன்னும் சொல்லவில்லை. மதலேன் என்னையே பார்க்கிறாள்.

வண்டி ஏறுமுன் சொல்ல வேண்டும். பிலோமின் கூப்பிடுகிறாள்.