அரிசிக்குள் ஒரு கை

அம்பத்தூர்
3.6.2024

அன்புள்ள கன்னியம்மாவுக்கு,

வசந்தா எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த பாக்டரிக்காரர் மனைவி என்றால் நினைவு வரும். போன் செய்தால் உன் மகன் எடுக்கிறான். அதனால் கடிதம்.

ஐம்பது வருடத்துக்கு முன் வாரப் பத்திரிகையில் வந்த என் தொடர்கதையைத் தேடியெடுத்து இப்போது புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். வீட்டைவிட்டுப் போகும் செண்பகத்தைக் கல்லூரிப் பெண்கள் கொண்டாடுகிறார்கள். கையெழுத்து வாங்க வந்த ஒருத்தி தன் ஊர் சேக்காடு என்றாள். உன் பேத்தி ஜோதிகா! செண்பகத்தைப் போல நீயும் போயிருப்பாய் என்றே நினைத்திருந்தேன். அதே வீட்டிலா இருக்கிறாய்?

ஜோதிகா மனம்விட்டுப் பேசினாள். ஓசூரில் கிடைத்த வேலை, அப்பா பார்த்திருக்கும் மாப்பிள்ளை, துணிப்பையை ஒளித்த இடம், எல்லாம் சொன்னாள். எனக்குக் கை பரபரத்தது. ஒரு பத்திரிகை தொடர் கேட்டிருக்கிறது. பெயரை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். உனக்குச் சந்தோஷம்தானே?

பிரியத்துடன்,
வசந்தா

சேக்காடு
8.6.2024

வசந்தாக்காவுக்கு,

சௌக்கியம் விசாரிக்க மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறக்கவில்லை, விசாரிக்கவில்லை. நீங்கள் வீட்டைக் காலி செய்தபோது என் பித்தளைக் கரண்டியும் உங்களோடு போனது. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

என் மாமியார் வேம்புலியம்மாளுக்குப் படிப்பு கிடையாது. நான் மூன்றாவது வரை. உங்களுக்கு மாற்றல் வந்து போன பிறகும் வாராவாரம் உங்கள் கதையை நான்தான் எழுத்துக்கூட்டி அவளுக்குப் படித்துக் காட்டினேன். கண் அடுத்த எழுத்துக்குத் தாவாது. வாய் சொன்ன பிறகுதான் எனக்கே புரியும். செண்பகம் இரண்டு புடவையை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள் என்று என் வாயாலேயே படித்தேன். தையல் வேலைக்கு ராயபுரம் போகப்போவதையும் அந்தப் பானையையும் உங்கள் ஒருத்தியிடம்தானே சொல்லியிருந்தேன்.

"இன்னாடி நிறுத்திட்ட? படி."

"கண்ணு மங்குது அத்தே."

"எனக்குக் காது நல்லாத்தான் கீது" என்று எழுந்துபோய்ப் பானையில் கையை விட்டாள்.

அடி இல்லை, சத்தம் இல்லை. மறுநாள் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொக்கி வந்தது. துருப்பிடித்து இன்னும் இருக்கிறது. உங்கள் செண்பகம் ரயில் ஏறிவிட்டாளாமே. அந்த வாரப் பத்திரிகையை என் கண்ணில் காட்டவில்லை.

அன்றிலிருந்து உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் உள்ளே இன்னொரு கை தட்டுப்படும். ஜில்லென்று இருக்கும். மாமியார் கை என்றுதான் நினைத்தேன். அவள் செத்த பிறகும் இருந்தது. அதில் வளையல் இருக்கும், என் கண்ணாடி வளையல்.

உங்கள் புத்தகத்தைப் படித்த பெண் வேறெங்கே ஒளிப்பாள்? போன வாரம் அரிசி டிரம்மில் கை விட்டபோது துணி தட்டுப்பட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் போகும்வரை ஒரு வரிகூட எழுதாதீர்கள். இதை மட்டும் செய்யுங்கள்.

கன்னியம்மாள்

அம்பத்தூர்
17.6.2024

கன்னியம்மா,

எனக்கு இதெல்லாம் தெரியாதே. முதல் அத்தியாயம் அச்சுக்குப் போய்விட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரும். சேக்காடு, ஓசூர், அரிசி டிரம் எல்லாம் அதில் இருக்கிறது. நிறுத்தச் சொன்னேன், முடியாது என்கிறார்கள். பெயரை மாற்றியிருக்கிறேன். ஒன்றும் ஆகாது.

வசந்தா

சேக்காடு
25.6.2024

வசந்தாக்காவுக்கு,

அன்றைக்கும் நீங்கள் பெயரைத்தான் மாற்றினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் மகன் கஜபதி முடிவெட்டப் போன கடையில் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, பாதித் தலையோடு ஓடிவந்தான்.

"எங்கம்மா கீறா அவ?"

"உம் பொண்ணு எங்கன்னு என்னைக் கேக்குறியாடா?"

தோள்வரை டிரம்முக்குள் கையை விட்டான். அரிசிதான் வந்தது. பையை நான் வியாழக்கிழமையே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். ஓசூர் வேண்டாம், வேறு ஊர் பார் என்றேன். அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல வந்தாள், வாயைப் பொத்தினேன். தெரிந்தால் என் வாய் சொல்லிவிடும். என் வாயை எனக்குத் தெரியும்.

இனி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். அவள் இருக்கும் இடம் உங்களுக்கும் தெரியாது. எனக்குக் கடிதம் போட வேண்டாம். கரண்டியும் வேண்டாம்.

இன்றைக்குக் காலையில் உலை கொதித்தது. அரிசி அள்ளப் போனேன். அந்தக் கை இல்லை. அடிவரை துழாவிப் பார்த்துவிட்டேன் அக்கா, இல்லை.

கன்னியம்மாள்