பதினோரு முனைப் பின்னல்

அன்பு மகன் சின்னுவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். அவருடைய முழங்கால் வலியை நலத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாததால் தனியாகச் சொல்லிவிடுகிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை, நான் பேச ஆரம்பித்தால் அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

நீ கொக்கி ஊசியில் போட்டு அனுப்பிய, ஓரமெல்லாம் முனை வைத்த வட்டக் குரோஷே பின்னல் கசங்கித்தான் வந்தது. அலமாரியில் வைத்துவிடு, அப்பா கண்ணில் காட்டாதே என்று சீட்டு வைத்திருந்தாய். உன் பேச்சை நான் மீறிவிட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினாலு வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ ஊசி பிடித்ததைப் பார்த்து, ஒர்க்‌ஷாப் ஆட்கள் நாலு பேர் சிரிக்க, பொம்பளை வேலை என்று அவர் சொன்ன வார்த்தையை நீயும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் உங்கள் இருவர் பேச்சும் சாப்டியா, சாப்டேன் என்பதோடு நின்றுபோனது. இன்னும் எத்தனை வருஷம் நான் நடுவில் நின்று தபால்காரி வேலை பார்ப்பது, சொல்.

போன ஞாயிறு காலை பின்னலை அலசி, கஞ்சி காய்ச்சினேன். சர்க்கரைப் பாகில் முக்கினால் இன்னும் விறைப்பாக நிற்கும், ஆனால் எறும்பு குடும்பத்தோடு குடிவந்துவிடும் என்பதால் சோளமாவைக் கரைத்துக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டினேன். முக்கிப் பிழிந்து, பலகையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, கண்ணளவில் குண்டூசி குத்த ஆரம்பித்தபோது அப்பா வந்து நின்றார். யாருடையது என்று கேட்டார். உன்னுடையது என்றேன். அப்புறம், இப்படிக் குத்தினா வட்டமாவா வரும், முட்டையாத்தான் வரும், தள்ளு என்று கவராயத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முப்பது வருஷம் லேத்தில் நின்ற மனிதர் அல்லவா, தாளில் வட்டம் போட்டு, முப்பது முப்பது டிகிரியாகப் பன்னிரண்டு புள்ளி வைத்தார். நடுவிலிருந்து எதிரெதிராக இழுத்து ஒவ்வொரு முனையாகக் குத்திக்கொண்டே வந்தால், கடைசியில் ஒரு புள்ளி காலியாக நிற்கிறது. முனையைக் காணோம். பிழியும்போது பிச்சுட்டியா, உன் கையில எதைக் குடுத்தாலும் கந்தல்தான் என்று என்மேல் பாய்ந்தார். எல்லா ஊசியையும் பிடுங்கி மறுபடி குத்தினார். மறுபடியும் அதே காலி. மூன்றாவது தடவை விரல் வைத்து எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நீ போட்டதே பதினொன்றுதான்.

இதற்குத்தான் இந்த வேலை இவனுக்கு வேணாம்னேன் என்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளி, விட்டுப்போன இடத்தை நூல் நூலாகத் தேடிக் கண்டுபிடித்தார். டூட்டி முடிச்சுக் களைச்சு வந்து போட்டிருப்பான், எண்ணிக்கை தப்பிருச்சு, பாவம் என்றார். அந்தப் பாவம் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா. கண்ணளவில் குத்திவிடலாம், யார் எண்ணப் போகிறார்கள் என்றேன். அவன் போட்டது பதினொண்ணுன்னா பதினொண்ணுக்குத்தான் அளக்கணும் என்று புதுத் தாள் எடுத்தார். ஒரு முனைக்கு முப்பத்திரண்டே முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாம். அதற்குள் பின்னல் பாதி காய்ந்து கோணிவிட்டதால் நான் மறுபடி கஞ்சியில் முக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் முழுக்க நிழலில் காய்ந்தது, ஃபேன்கூடப் போட விடவில்லை, வேர்த்து வழிந்தோம்.

கருநீலத் துணியில் பசை படாமல் நூலால் தைத்து, சட்டத்துக்குள் வைத்து, வெயில் படாத சுவரில், முன்னறையில்தான் மாட்டியிருக்கிறார். நேற்று பழைய ஃபோர்மேன் வந்தார், அன்றைக்குச் சிரித்த நாலு பேரில் ஒருவர். அண்ணிக்குக் கைவேலை நல்லா வருதே என்றார். அப்பா டீ டம்ளரை வைத்துவிட்டு, அவ இல்லப்பா, நம்ம பையன் போட்டது என்றார். பையனா என்று அவர் இழுத்தார். ஆமா, பையன்தான், வட்டத்தைப் பதினொண்ணாப் பிரிச்சு நிறுத்தியிருக்கான், உன்னால முடியுமான்னு பாரு என்றார் உங்கப்பா. காது இரண்டும் சிவந்திருந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை.

நான் இதை எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரியில் தலையை ஈரமாக விடாதே. நீ நினைத்ததெல்லாம் நடந்து, மனசு நிறைந்து இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று. வரும் ஞாயிறு போன் பண்ணு. நான் எடுக்க மாட்டேன், கொல்லைப்பக்கம் போய்விடுவேன். நாற்காலியிலிருந்து எழுந்து வர அவருக்கு நேரமாகும். நான் எடுக்கவில்லை என்று வழக்கம்போல நாலாவது மணியில் வைத்துவிடாமல், அவர் வந்து எடுக்கும்வரை அடிக்க விடு.

உன் அம்மா