திட்டாத அத்தையும் சோயாப் பாலும்

மார்ச் 4, செவ்வாய்

குட்டி இப்போதுதான் தூங்கினாள். அத்தையின் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது.

அத்தையிடம் கார் ஓட்டப் பழகும் பெண் வாசலில் மெதுவாகச் சொன்னாள்: "மேடம் இப்பல்லாம் திட்டவே மாட்டேங்கறாங்கக்கா. பயமா இருக்கு." சிரித்துவிட்டு உள்ளே வந்து அழுதேன். அத்தையிடம் திட்டு வாங்காமல் இந்த ஊரில் யார் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள்? மாதவிலக்கு நிற்கிற வயசு, அம்மா தானா சரியாயிடுவாங்க என்கிறார் இவர். பெரிய வைத்தியர்.

மார்ச் 9, ஞாயிறு

பாத்திரம் தேய்த்தபடி, என் பக்கம் திரும்பாமல் அத்தை சொன்னது: "காலையில எழுந்திருக்காமலே போயிட்டா நல்லாருக்கும்."

குட்டியை இறுக்கிக்கொண்டேன். டாக்டரிடம் போகலாம் என்றேன். "வயசானா வர்றதுக்கெல்லாம் டாக்டரா? போம்மா."

மார்ச் 10

நிறையப் படித்தேன். சோயா விதைக்குள் பெண்ணின் ஹார்மோனை ஒத்த ஒன்று இருக்கிறதாம். ஹார்மோன் போய் உட்காரும் இடத்திலேயே இதுவும் லேசாக உட்காருமாம். மண்ணில் நிற்கிற ஒரு செடிக்கு எங்கள் உடம்பின் சாவி எப்படிக் கிடைத்தது? சில பெண்களின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை இன்னும் வலுவாக மாற்றித் தருமாம், சிலருக்கு இல்லையாம். மனச்சோர்வுக்கு உதவுமா என்பதில் ஆராய்ச்சிகளே ஒத்துப்போகவில்லை.

இருந்தாலும் — சாப்பாடுதானே? நாளை முதல் அத்தையின் காலைக் காபியில் சோயாப் பால். சொல்லப்போவதில்லை.

மார்ச் 27, வியாழன்

அத்தை காபியில் ஒரு சொட்டு மிச்சம் வைப்பதில்லை. ஆனால் சோர்வு கூடியிருக்கிறது. பகலிலும் படுக்கை. இன்னும் கொஞ்சம் கூட்டி ஊற்றவா?

ஏப்ரல் 3, வியாழன்

பயிற்சிக் காரில் அத்தை பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. இன்று வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு நடந்தே வந்துவிட்டார். "மிதிக்கணும்னு தெரியுது. கால் நகரல. நல்லவேள, அந்தப் பொண்ணே நிறுத்திட்டா."

கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டதும் அத்தை: "எழுந்ததும் தைராய்டு மாத்திரை. உடனே சோயாப் பால் காபி. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு இவ கலக்கறது."

தெரியுமா?

"சோயா நல்லதுதாம்மா. ஆனா மாத்திரையோட குடிச்சா மாத்திரை உடம்புல சரியா சேராது, சோர்வு கூடும். நாலு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க. சோயாவ மட்டும் நம்பி இருக்கவும் கூடாது, மனச்சோர்வுக்குத் தனியா வைத்தியம் பாக்கணும்."

அப்படியென்றால் அந்தச் சோர்வில் பாதி என் கைவேலையா? ஐயோ.

வெளியே வந்து கேட்டேன், ஏன் அத்தை குடிச்சீங்க?

"திரிஞ்ச காபி. வாயில வைக்க முடியல. ஆனா எனக்காக ஒருத்தி திருட்டுவேலை பாக்கறா. கீழ ஊத்த மனசு வரல."

எழுந்திருக்கவே வேண்டாம் என்றிருந்தவர், எனக்காக எழுந்து அதைக் குடித்திருக்கிறார். செடியிடம் இருக்கும் சாவி பெரிய அதிசயம் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 4

கடுகளவு மாத்திரை. அதை ஒரு டம்ளர் பால் மறித்துவிடுகிறது. இப்படிப்பட்ட உடம்பைத் தூக்கிக்கொண்டுதான் இத்தனை அலட்சியமாகத் திரிகிறோம்.

ஜூன் 15, ஞாயிறு

மாத்திரைகள் காலையில், சோயாப் பால் மாலையில், வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் பேச்சு. எது வேலை செய்தது? டாக்டரம்மாவைக் கேட்டால் சிரிக்கிறார்.

இன்று பயிற்சிக் காரின் ஸ்டியரிங் என் கையில். பக்கத்தில் அத்தை, பின் இருக்கையில் இவரும் குட்டியும். தெருமுனையில் திரும்பும்போது, "கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு, தலை சீவவா?" அங்கே பிடித்த திட்டு, நிற்கவே இல்லை.

ஓரக்கண்ணால் கீழே பார்த்தேன். அத்தையின் கால் பிரேக்குக்கு மேலே தயாராக இருந்தது.

"என் கால்ல என்ன இருக்கு? ரோட்டப் பாரு."