லிபர்ட்டி டாலரில் ஒரு கட்டைவிரல்

ஃபெர்கஸ் ஃபால்ஸ், மினசோட்டா
பிப்ரவரி 3, 2011

அன்புள்ள வெர்லின்,

போனில் நீ "என்ன? என்ன?" என்று கேட்பதும் நான் தொண்டை கிழியக் கத்துவதும் போதும். எழுதிவிடுகிறேன். ஆபரேஷன் செய்த இடுப்பு எப்படி இருக்கிறது? அங்கே நடை பழக்குகிற அந்தப் பெண்ணிடம் முறைத்துக்கொள்ளாதே. அவள் சொல்வது உன் நல்லதுக்குத்தான்.

இங்கே உன் வீட்டில் பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது. பெமிட்ஜியில் என் வீட்டுக் குழாய்கள் உறைந்து போயிருக்குமோ என்று கவலை. உன் பூனை என்னை வேலைக்காரி என்றே முடிவு கட்டிவிட்டது. பக்கத்து வீட்டு லுண்ட் அம்மாள் அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் ஒரு தட்டு கொண்டுவந்தாள். உப்பே இல்லை. உன்னிடம் சொன்னதாகச் சொல்லாதே.

ஒரு நல்ல சேதி. உன் மேசை இருக்கும் அறையைத் துடைக்கப்போனேன். அந்த நினைவு வெள்ளி டாலர்கள் எல்லாம் என்ன கோலத்தில் இருந்தன தெரியுமா? சிலவற்றில் பால் தெளித்ததுபோல் மங்கல், சிலவற்றின் ஓரத்தில் மஞ்சளும் ஊதாவும். இருபத்தைந்து வருஷமாக வாங்கி வைத்திருக்கிறாய், ஒரு நாள் துடைக்கக்கூடாதா? பிளாஸ்டிக் கூடுகளைத் திறந்து, சமையல் சோடாவும் பற்பசையும் குழைத்து, பழைய பிரஷ்ஷால் நாற்பத்து மூன்றையும் தேய்த்துக் கழுவிவிட்டேன். அவற்றில் பொறித்திருக்கும் வட்டெறிகிறவன், ஐசனோவரின் இரட்டை முகம், எருமை, எல்லாம் இப்போது புது ஸ்பூன் மாதிரி மின்னுகின்றன. மூன்று நாள் வேலை. விரலெல்லாம் வலிக்கிறது. நீ வந்து பார்க்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
ஆர்டிஸ்

* * *

பிப்ரவரி 7

ஆர்டிஸ்,

உன் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். பிறகு நடை பழக்குகிற பெண்ணிடம் கொடுத்து, நான் வாசித்தது சரிதானா என்று கேட்டேன். அவள் வாசித்துவிட்டு, "பாவம், உங்க தங்கச்சி நல்லது நெனச்சுத்தானே செஞ்சிருக்காங்க" என்றாள். இன்று நான் நடக்கவில்லை.

அந்த நாணயங்கள் கண்ணாடிபோல் இருப்பதற்காகவே விசேஷமாக அச்சடித்தவை. மெத்தென்ற துணிகூடப் படக்கூடாது. நீ பிரஷ் போட்டிருக்கிறாய். நாணயம் சேர்ப்பவர்கள் சங்கத்தில் இனி எவனிடமும் அவற்றைக் காட்ட முடியாது. அது போகட்டும். அதற்காக நான் எழுதவில்லை.

சிவப்புப் பெட்டியில் தனியாக 1986 லிபர்ட்டி டாலர் ஒன்று இருந்தது. தீப்பந்தம் பிடித்த கை உள்ள பக்கத்தில், வெற்று இடத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை. அது அழுக்கு இல்லை. லோயிஸின் ரேகை. தபாலில் வந்த அன்றே தெரியாமல் தொட்டுவிட்டாள். வெள்ளியில் அது பழுப்பாகக் கடித்துப் பதிந்துவிட்டது. பெண்டாட்டி என்றும் பாராமல் அதற்காக அவளோடு பதினோரு நாள் பேசாமல் இருந்தேன். சாப்பாட்டு மேசையில் உப்பைக்கூடக் கேட்டு வாங்கவில்லை.

அவள் செத்துப்போன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். ஆறு வருஷம். அவள் உடம்பில் அந்த வீட்டில் மிச்சமிருந்தது அந்த ரேகை மட்டும்தான். அதைப் பற்பசை போட்டுத் தேய்த்துவிட்டாய்.

சாவியை லுண்ட் அம்மாளிடம் கொடுத்துவிட்டு உன் வீட்டுக்குப் போ. நான் திரும்பும்போது நீ என் வீட்டில் இருக்க வேண்டாம்.

வெர்லின்

* * *

பிப்ரவரி 11

அன்புள்ள வெர்லின்,

அந்த ரேகையைப் பார்த்தேன், அதைத்தான் மற்றவற்றைவிட அழுத்தித் தேய்த்தேன். போகவே மாட்டேன் என்றது. கடைசியில் போய்விட்டது.

ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் சமையலறையில் நடந்துகொண்டே இருந்தேன். உனக்கு ஆறுதலுக்காகக் கட்டும் கதை இல்லை இது. ஆறுதலாக இருக்கவும் போவதில்லை.

அது லோயிஸின் விரல் இல்லை, வெர்லின். என்னுடையது.

அந்த ஜூன் மாதம் நான் உங்களோடு ஒரு வாரம் தங்கியிருந்தேன். நீ புயலில் சாய்ந்த மின்கம்பங்களைச் சரிசெய்யப் போயிருந்தாய். நாங்கள் லெஃப்ஸே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். தபால் வந்தது. பெட்டி அழகாக இருந்தது. நான்தான் திறந்தேன், நான்தான் கூட்டிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வெண்ணெய்க் கை. லோயிஸ் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அப்போதே உன் வண்டிச் சத்தம்.

"நீ வாயத் தொறக்காத. நான்தான் தொட்டேன்னு சொல்லிக்கிறேன்."

"எதுக்கு லோயிஸ்? நான்தானே செஞ்சேன்."

"என்கிட்டன்னா கொஞ்ச நாள் பேசமாட்டான். உன்னைன்னா இந்த வீட்டு வாசப்படியே மிதிக்க விடமாட்டான். அவனை உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. பதினோரு நாள் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் அதற்கு மூன்றாம் நாளே ஊருக்குப் போய்விட்டேன். அவள் எனக்கு அதைப்பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

ஏழு வயதில் தகர டப்பா அறுத்த வடு என் கட்டைவிரலின் குறுக்கே இருக்கிறது. கீழே மையில் ஒற்றியிருக்கிறேன். ஆறு வருஷம் பார்த்திருக்கிறாய், உனக்குத் தெரியும். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் என் விரலையா பார்த்துக்கொண்டிருந்தாய்?

ஆர்டிஸ்

* * *

பெமிட்ஜி
பிப்ரவரி 23

வெர்லின்,

பன்னிரண்டு நாளாக உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ சொன்னபடி வந்துவிட்டேன். சாவியும் பூனையும் லுண்ட் அம்மாளிடம். நாணயங்களை அவற்றின் கூடுகளில் போட்டு, எது எந்தப் பெட்டி என்று தெரிந்தவரை வைத்திருக்கிறேன். தப்பாக இருக்கலாம். குளிர்பெட்டியில் சூப் இருக்கிறது.

சொல்லியிருக்கக்கூடாதோ என்று ஒரு நாள் தோன்றுகிறது. இருபத்தைந்து வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று மறுநாள் தோன்றுகிறது.

ஆர்டிஸ்

* * *

மார்ச் 1, 2011

அன்புள்ள ஆர்டி,

ரேகையின் நடுவில் ஒரு கோடு இருந்தது. சாய்வாக, மேல்நோக்கி. ஏதோ கீறல் என்று நினைத்திருந்தேன். நீ ஒற்றி அனுப்பியதைப் பார்த்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பல நாள் அதைத் திருப்பவில்லை.

முதலில் உன்மேல் கோபம். பிறகு அவள்மேல். செத்துப்போனவள்மேல் கோபப்படுகிற அளவுக்கு நான் போனேன் என்பதை நீயாவது தெரிந்துகொள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் இதில் சொல்ல ஏதும் இருப்பதாக எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் அவளுடைய கடைசி வாரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வெர்லின், அந்த லிபர்ட்டி டாலர் விஷயம்... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. நான் உன்னை மன்னிச்சுட்டேன், லோயிஸ். தூங்கு."

அவள் என் சட்டைக் கையை விட்டாள். சிரித்தாள். "சரி" என்றாள். அவ்வளவுதான். நானும் பெரிய மனதுக்காரன்போல் செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டேன்.

செய்யாத தப்புக்கு அவளை மன்னித்திருக்கிறேன், ஆர்டி. அந்த மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வாரமாக இதை நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். நடை பழக்குகிற பெண் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டாள், எனக்கு மூளையில் ஏதோ ஆகிவிட்டதென்று.

உன் அண்ணனுக்கு இவ்வளவு பயந்தா நீ வளர்ந்தாய்? என் வீட்டில் இரண்டு பெண்கள் ஒரு வெள்ளித் துண்டுக்காக என்னிடமிருந்து ஒளிந்திருக்கிறார்கள். நான் பூட்டுப் போட்டு வைத்ததெல்லாம் நாணயத்தை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என்னை இங்கிருந்து அனுப்புகிறார்கள். கூட்டிப்போக வருகிறவர் யார் என்று ஒரு தாளில் கேட்டிருந்தார்கள். உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் எழுதியது தப்புத்தான். வர முடியாது என்றால் பெயரை அடித்துவிடுகிறேன். சாலை வழுக்கும், மெதுவாக ஓட்டு.

வெர்லின்