ஆதி எழுந்திரிச்ச விதம்

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே மழை. தம்போய் ரோட்டுல ஜாம், லேபுக்கு லேட். எலித்தசை ஸ்லைடு இருபது. வாங்கணும்: பால், முட்டை, ஆதிக்கு வெள்ளை சாக்ஸ்.

எலிங்க காலுல காயம் பண்ணி அஞ்சாம் நாள். நல்ல எலிக்கு ஒரு ஜீன் தூங்கற செல்லை எழுப்புது, இன்னொண்ணு ‘பெருகினது போதும், நாராகு’ங்குது. கால் புதுசாயிடும். மூணாம் கூண்டு எலிங்களுக்கு ஒரு ஜீன் பழுது. நார் தானா கிழியுது, ஒட்டுது, மறுபடி கிழியுது. எழுப்ப செல் தீர்ந்ததும் அந்த எடத்துல வெறும் கொழுப்பு.

சாயங்காலம் ஆதி தரையிலேர்ந்து எழுந்தான். கைய முட்டியில ஊனி, அப்புறம் தொடையில. என் நாலு வயசுப் புள்ள. டம்ளரக் கீழ போட்டுட்டேன். என் தம்பி குமார் அப்படித்தான் எழுவான். பத்தொம்பது வயசுல போயிட்டான்.

ஜூலை 9, புதன்
ஆதிக்கு ரத்தம் எடுத்தாச்சு. தசை கிழிஞ்சா ரத்தத்துல சி.கே.ன்னு ஒரு நொதி ஏறும். எங்கயோ ஏறி நிக்குது.

அவரு சிங்கப்பூர்லேர்ந்து போன். “என்னாவாம்?”

“சறுக்குமரத்துல விழுந்தான்ல, அதான். ஒரு வாரம் ஓட விடாம மறுபடி எடுக்கணுமாம்.”

வாய் கூசாம சொன்னேன். விழுந்தா இவ்வளவு ஏறாது. லேப்ல வேலை பாக்கறவளுக்குத் தெரியாதா?

ஜூலை 12, சனி
மூணு நாளா ஆதி சோபாவுல. கார்ட்டூன், பிஸ்கட். மாமியார் அவன் கெண்டைக்காலைத் தட்டி, “ஃபுட்பால்காரன் காலு லா!” குமாருக்கும் அதே தடிச்ச காலு, அதே பேச்சு. அது தசையில்ல, கொழுப்பு. பாத்ரூம்ல போய் அழுதேன்.

ஹால்ல யாரோ முட்டியில கை ஊனற மாதிரி சத்தம். பகல் ரெண்டு மணி. ஆதி தூங்கறான். “குமாரு?”ன்னு கூப்பிட்டே விட்டேன். பயமா இருக்கு.

மெர்சிங்லேர்ந்து அம்மா போன். “உன்னப் பொண்ணு பாக்க வந்தப்ப, தம்பி காய்ச்சல்ல போனான்னுதானே சொன்னோம். அப்படியே இருக்கட்டும்.”

“ஏம்மா மறைச்சீங்க?”

“சொல்லியிருந்தா உன்ன எவன் கட்டியிருப்பான்?”

ஆத்திரமா வந்துச்சு. நானும் அன்னிக்குத் தலையாட்டினவதான்.

ஜூலை 18, வெள்ளி
ரெண்டாவது ரிசல்ட். இறங்கவே இல்ல. அவரு லீவு போட்டு வந்திருந்தாரு.

டாக்டர்: “ஜீன் டெஸ்ட் எடுத்துருவோம். குடும்பத்துல யாருக்காவது தசை நோய் இருந்திருக்கா?”

அவரு முந்திக்கிட்டாரு. “எங்க பக்கமும் இல்ல, இவங்க பக்கமும் இல்ல டாக்டர்.” அவ்வளவு நம்பிக்கையா.

“என் தம்பிக்கு இருந்துச்சு”ன்னேன். “இதேதான். அம்மா வழியா வர்றது.”

திட்டுவாருன்னு இருந்தேன். “எப்பலேர்ந்து தெரியும்?”ன்னாரு. அவ்வளவுதான்.

“கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து.”

கார் நிறுத்தின எடத்துக்குக் கிளம்பினோம். ஆதியத் தூக்கிக்கிட்டு எனக்கு முன்னால வேகமா நடந்தாரு.

“அப்பா, கீழ விடுங்க. நானே நடக்கறேன்.”

அவரு விடல.