கோழி வெட்டிய பலகை

திருப்பதி,
வெள்ளிக்கிழமை

என்னங்க,

"மூணு இட்லி துன்னேம்மா!" என்று பாப்பா போனில் கத்தினாள். ஆய்வகம் என்றும் பார்க்காமல் குதித்து ஆடிவிட்டேன்.

இதைப் போனில் சொன்னால் நீங்களும் கத்துவீர்கள், அதனால் எழுதுகிறேன். அவள் வயிற்றைக் கெடுத்த கிருமியின் மரபணுவைப் படித்துவிட்டோம். நான் வந்தபோது துடைத்து எடுத்துவந்த மாதிரிகளில், சலீம் அண்ணனின் பானிபூரி வண்டியில் அது இல்லவே இல்லை. போன ஞாயிறு நீங்கள் கோழி வெட்டி, கழுவாமலே வெள்ளரிக்காயும் நறுக்கினீர்களே, அந்தப் பலகையில் அச்சு அசல் அதே கிருமி!

அவர் பானிபூரியால்தான் என்று சொல்லி அவரை நகரியில் நம் தெருவிலிருந்தே விரட்டினீர்கள். அன்று மாலையே என்னைப் போனில் கூப்பிட்டு, "பாப்பா கஞ்சி துன்னுச்சாம்மா?" என்று கேட்டார் மனுஷன்.

கடிதம் கிடைத்ததுமே பாப்பாவோடு போய் அவரை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழையுங்கள். கோழியை நீங்களே வெட்டுங்கள். வெள்ளரிக்காயைச் சலீம் அண்ணன் நறுக்கட்டும்.

கிருமியைப் பிடித்த
உங்கள் வீட்டுக்காரி