கழுத்து கோணிய வாத்து

அக்கா,

கடைசி நாளில் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் டீச்சர் என்று இன்று மத்தியானம் ஒரு பயிற்சி மாணவி கேட்டாள். எங்கள் பள்ளியில் அவளுக்கு இன்னும் நான்கு நாள்தான் பாக்கி. என் கை தானாகப் பைக்குள் போய் அந்தப் பீங்கான் வாத்தைத் தொட்டது. "ஒன்றும் கொடுக்காதே" என்றேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன்.

வாத்து நீங்கள் கொண்டுவந்ததுதான். விருத்தாசலத்துச் சிறப்புப் பள்ளியில் நான் பயிற்சிக்கு வந்திருந்த சமயம். திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ். உங்கள் அமுதாவுக்கு ஒன்பது வயது, பேச்சு வராது. வகுப்பு எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று புரியாமல் கையைக் கடித்துக்கொள்வாள். தினமும் அவள் கையில் கொடுத்து வாங்க ஒரு சின்னப் பொருள் வேண்டும் என்று உங்களிடம் கேட்டேன். மறுநாள் செராமிக் பட்டறையிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் தூளோடு வந்து நின்றீர்கள். "சூளையில கழுத்து கோணிக்கிச்சாம் டீச்சர், விக்காதுன்னு ஒதுக்கிட்டாங்க. பரவால்லீங்களா?"

காலையில் நான் போனதும் வாத்தை அவள் கையில் வைப்பேன். டீச்சர் வந்தாச்சு, வகுப்பு உண்டு என்று அதற்கு அர்த்தம். சாயங்காலம் அவள் அதை என் பையில் போட வேண்டும். இருவரும் இரண்டு கையையும் ஒருதரம் தட்டுவோம். முடிந்தது. மூன்று வாரத்தில் பிடித்துக்கொண்டாள். "வூட்டுலயும் கடிக்கலீங்க டீச்சர்" என்று நீங்கள் சொன்ன அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

என் கடைசி நாளன்று அமுதா வழக்கம்போல வாத்தைப் பையில் போட வந்தாள். "நீயே வச்சுக்கோ" என்று அவள் விரல்களை மூடிவிட்டேன். என் ஞாபகமாக இருக்கட்டுமே என்று ஓர் ஆசை. கை தட்டவில்லை. நீங்கள் கண் கலங்கினீர்கள், நானும்தான். என்ன செய்துவிட்டேன் என்பது பஸ் ஏறிய பிறகும் உறைக்கவில்லை. படித்துப் படித்து என்ன பயன்?

பத்து நாள் கழித்துப் பூத்திலிருந்து போன் செய்தீர்கள். "காலையில எழுந்ததும் அத எடுத்துக்கிட்டு வாசப்படியில ஒக்காந்துடுது டீச்சர். நீங்க வருவீங்கன்னு இருக்குது. ஸ்கூலுக்குக் கூப்ட்டா மறுபடியும் கையக் கடிக்குது. நான் கேட்டா தரமாட்டேங்குது. ஒரு தடவ நீங்களே வந்து வாங்கிக்கிட்டுப் போயிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். அந்த ஞாயிறு பரீட்சைக்குப் படித்தேன். அடுத்த ஞாயிறு தோழியின் கல்யாணம். பிறகு வேலை கிடைத்தது. நீங்கள் மறுபடி கூப்பிட்டபோது பக்கத்தில் நின்றுகொண்டே, நான் வெளியே போயிருப்பதாகத் தம்பியைச் சொல்லச் சொன்னேன். வெட்கம் அக்கா, வேறொன்றுமில்லை.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. காய்ச்சலில் நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி கேட்டுத்தான் வந்தேன். உங்கள் தங்கை கதவோரம் நின்று, "அக்கா கடைசி வரைக்கும் ஒங்களத்தான் கேட்டுக்கிட்டிருந்துச்சு" என்றாள். அமுதா வாசற்படியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து வாத்தை என் பையில் போட்டாள். இரண்டு கையையும் ஒருதரம் தட்டினாள். ஒரு நிமிஷ வேலை அக்கா. அதற்குத்தான் அத்தனை நாள் உங்களைக் கெஞ்ச வைத்தேன்.

ஆனால் அவள் உள்ளே போகவில்லை. திரும்ப அதே படியில் உட்கார்ந்து, பட்டறை விட்டு நீங்கள் திரும்பி வரும் தெருமுனையைப் பார்த்தாள்.

இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். ஆள் நன்றாக வளர்ந்துவிட்டாள். போனதும் என் பையைத் திறந்து வாத்து இருக்கிறதா என்று பார்க்கிறாள். அதனால்தான் அதை எங்கும் எடுத்து வைக்காமல் சுமந்துகொண்டு திரிகிறேன். பார்த்துவிட்டுப் பையை மூடுகிறாள். பிறகு படியில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்க்கிறாள். நீங்கள் வரமாட்டீர்கள் என்று சொல்ல அவளிடமிருந்து நான் வாங்கிக்கொள்ள ஒரு பொருளும் இல்லை, அக்கா.